தனியா கெடந்ததாலதான் இத்தனை மொழியா? (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,
பப்புவா நியூ கினியால 800க்கு மேல மொழி இருக்குன்னு எழுதியிருந்தீங்க. மலையும் காடும் குறுக்க நின்னு பக்கத்து ஊர்க்காரன் மூஞ்சியவே பாக்காம இருந்ததாலதானே இவ்ளோ மொழி? 300 பேர் பேசுற மொழில மூணு நாலுக்கு மேல எண்ணவாச்சும் முடியுமா? இந்தோனேசியா பக்கமும் இப்படி இருக்கா?
கதிரவன்

அன்புள்ள கதிரவன்,
மலை இருக்கு, அதனால தனிமை, அதனால மொழின்னு எல்லாரும் சொல்றதுதான். ஆனா யாம் மொழிக்குடும்பத்துக்கிட்ட இந்தக் கணக்கு செல்லாது. நியூ கினி தீவோட தென்பக்கம், மோர்ஹெட் ஆத்துப் பக்கம் இருக்கற சின்னக் குடும்பம், நென், நாமா, கோம்ன்ஸோ, கனும்னு கொஞ்சம் மொழிங்க. அங்க மலையே கிடையாது, தட்டையான புல்வெளி, மழைக்காலத்துல நெறைய எடம் தண்ணில நிக்கும், மத்த நாள்ல நடந்தே அடுத்த மொழிக்குப் போயிடலாம்.

மூஞ்சி பாக்காம இருக்கறது எங்க, அங்க கல்யாணமே பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கறதுதான். உன் தங்கச்சி எனக்கு, என் தங்கச்சி உனக்கு, கூடப்பொறந்த தங்கச்சி இல்லாதவன் பங்காளி வீட்டுல ஒருத்தியத் தேடணும், அவன் பாடு திண்டாட்டம்தான். பொண்ணு வேற மொழிக்காரியா வர்றது சகஜம், புள்ளைங்க அப்பா மொழியோட அம்மா மொழியும் பேசி வளரும். பிமாடபன் ஊர்ல நென் பேசறவங்க சில நூறு பேர்தான், ஆனா பலருக்கு பக்கத்து இடி மொழியும் தெரியும், அது வேற குடும்பமே. இவ்ளோ பழகியும் மொழி கலந்து ஒண்ணா ஆகல, ஏன்னா மொழி நிலத்தோட சேந்தது, இந்த மண்ணுக்கு இந்த மொழின்னு வெச்சிருக்காங்க, அத விட்டுட்டா மண்ணு மேல இருக்கற உரிமையும் ஆட்டம் காணும்னு எனக்குத் தோணுது.

எண்றதுக்கு வருவோம். 1930கள்லயே அரசாங்க மானிடவியலாளர் எஃப்.இ. வில்லியம்ஸ் அந்தப் பக்கம் போய் எழுதியிருக்கார். அவங்க ஆறு ஆறா எண்றாங்க. விருந்துக்கு யாம் கிழங்கு (நம்ம பெருவள்ளி ஜாதி) குவிச்சு வெச்சா ரெண்டு பேர் ஆளுக்கு மூணா எடுத்து ஒரு நடைக்கு ஆறு கிழங்கு நகத்துவாங்க, ஊரே பாக்க சத்தமா எண்ணிக்கிட்டே, ஆறு நடைல 36. கோம்ன்ஸோல 36க்கு தனிப் பேரு, 216க்கு, 1,296க்கு, 7,776க்கு, கடைசில 46,656க்கும் பேரு உண்டு, அதாவது ஆறை ஆறு தடவ பெருக்கினது. நம்ம லட்சம் கோடி எல்லாம் பத்து பத்தாப் போகுது, இது ஆறு ஆறாப் போகுது, அவ்ளோதான். மூணு நாலோட நிக்கும்னு நெனச்சீங்களே! தினசரி கடை கண்ணிக்கு இல்ல இது, கிழங்குக்குத்தான். இருநூறு முந்நூறு பேர் பேசற மொழின்னா சொல்லும் கொஞ்சம்தான் இருக்கும்னு நெனக்கறத மொதல்ல விடுங்க.

இந்தோனேசியா பக்கமும் இருக்கு. காலனிக்காரங்க 141ஆவது தீர்க்கரேகையை ஒட்டி தீவை ரெண்டா பிரிச்சு எல்லை போட்டப்ப இந்தக் குடும்பத்துக்கு நடுவுல கோடு போயிடுச்சு, கனும் மொழிய இந்தோனேசியாவோட மெராவுக்கேங்கற ஊர் பக்கம் பேசறாங்க, அங்கயும் ஆறு ஆறாத்தான். அந்தப் பக்கம் ஸ்கூல்ல இந்தோனேசிய மொழி, இந்தப் பக்கம் இங்கிலீஷ்.