எக்சோசோம் படிப்புக்கு முன்பணம் கட்டலாமா?

தங்கச்சிமடத்து அண்ணனுக்கு,

கட்ட வேண்டாம். ஆறு மாத 'எக்சோசோம் சிகிச்சைச் சான்றிதழ்' என்று எண்பதாயிரம் கேட்கிறார்களே, அதைக் காட்டினால் எந்த ஆஸ்பத்திரியும் வேலை கொடுக்காது. ஆனால் பாப்பா அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் தப்பில்லை. மதினிக்கு சுகர், அம்மாச்சிக்கு சுகரில் கால் விரலே போய்விட்டது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்கும்?

நம் உடம்பின் உயிரணுக்கள் (செல்கள்) மிகச் சின்னப் பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவைதான் எக்சோசோம். அளவு 30 முதல் 150 நானோமீட்டர். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. 1980களில் செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைப் பார்த்தவர்கள், அணு குப்பையைக் கொட்டுகிறது என்றே எண்ணினார்கள். பைக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு அணுவுக்குப் போய் அங்கே வேலை செய்கிறது என்று 2007இல் தெரிந்த பிறகுதான் இதற்கு மவுசு வந்தது. கரையில் பெட்டியின் பெயிண்ட் குறியைப் பார்த்தே எந்த போட் மீன் என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அதுபோலப் பைமேல் இருக்கும் புரதங்களை வைத்து அது எந்த அணு விட்டது என்று ஓரளவு சொல்லலாம். இன்சுலின் சுரக்கும் பீட்டா அணு நலிவது இரத்தத்திலும், சிறுநீரகம் கெடத் தொடங்குவது சிறுநீரிலும் முன்கூட்டியே தெரிந்துவிடுமா என்றுதான் ஆராய்கிறார்கள்.

சிகிச்சைப் பக்கமும் ஆசை காட்டுகிறது. 2017இல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில், பருத்த எலியின் கொழுப்புத் திசுவிலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் விட்ட பைகளை மெலிந்த எலிக்குச் செலுத்தினார்கள். அதன் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போனது. மெலிந்த எலியின் பைகளைப் பருத்ததற்குக் கொடுத்தபோது நிலைமை தேறியது. ஸ்டெம் செல் (வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு) விட்ட பைகளால் சர்க்கரை எலிகளின் புண் சீக்கிரம் ஆறுவதையும் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் எலி அண்ணே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த எக்சோசோம் மருந்துக்கும் அனுமதி தரவில்லை; இவற்றை விற்கும் கிளினிக்குகளைப் பற்றி 2019இலேயே எச்சரித்தது. இந்தச் சிகிச்சையை விற்கும் வீடியோவில் வரும் 'ஒரே ட்ரிப், சுகர் போச்சு' என்பது வியாபாரம்.

சரி, பாப்பா இதற்குள் வர என்ன வழி? பெயரைப் பார்த்துப் பட்டம் எடுக்க வேண்டாம். பெரிய ஃபீஸ் வாங்கும் இடத்தில் பயோடெக் படிப்பதைவிட, அரசுக் கல்லூரியில் விலங்கியலோ வேதியியலோ கிடைத்தால் நான் அதையே எடுக்கச் சொல்வேன். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜிஏடி-பி, ஜாம் என்னும் தேசிய நுழைவுத் தேர்வுகள் எழுதி எம்.எஸ்சி. பயோடெக். காரைக்குடி அழகப்பாவும் மதுரை காமராசரும் எட்டும் தூரம்தான். அதற்குப் பிறகு பி.எச்டி. ஆராய்ச்சி; நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 உதவித்தொகை.

ஆய்வக வேலை எப்படி இருக்கும் என்பதையும் பாப்பா தெரிந்துகொள்ளட்டும். இரத்தநீரைப் புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்காகச் சுழற்றுவார்கள். முடிந்ததும் குழாயின் அடியில் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பைகள் எந்தப் பக்கம் படியும் என்று முன்பே பேனாவால் குறித்து வைத்திருந்தால்தான் உண்டு; கை தவறினால் அன்றைய வேலை சிங்க்கில். இந்தப் பொறுமை பிள்ளையிடம் இருக்கிறதா என்பது மார்க் ஷீட்டில் தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்கு மூன்று, எம்.எஸ்சி.க்கு இரண்டு, பி.எச்டி.க்கு ஐந்து என்று கூட்டினால் பத்து வருஷம். நடுவில் கல்யாணப் பேச்சு வரும், சொந்தபந்தம் வாயை மூடிக்கொண்டிருக்காது. அவ்வளவு காலம் வீடு தாங்காது என்றால் பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் நல்ல படிப்பு. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் சிறுநீர் அல்புமின் (ஒரு புரதம்) எல்லாம் பார்ப்பது இதைப் படித்தவர்கள்தான். வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து ஆராய்ச்சிக்குத் திரும்புவது கொஞ்சம் சுற்றுவழி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், போட் கடலுக்குப் போகாது. கல்லூரிச் சேர்க்கையும் அப்போதுதான். கையில் காசில்லாத அந்த நேரம் பார்த்து, 'இன்றே கட்டினால் பாதி' என்று போன் வரும். வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். அரசுக் கல்லூரிக்கு ஆன்லைன் விண்ணப்பம் மே மாதம் வரும், அதை விட்டுவிட வேண்டாம்.

மதினி மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த ட்ரிப்புக்குப் போகலாமா என்று பாப்பாவிடம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கூடவே கூடாது. மாத்திரை அப்படியே தொடரட்டும். இந்த மாதமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் அல்புமினும் கண்ணும் பாதமும் பார்த்துவிடுங்கள்.