அப்பா தட்டிலிருந்து ஊட்டுகிறார், நாய்க்கு வயிற்றுப்போக்கு

நாயே வேண்டாமென்ற அப்பா இப்போது சாம்பார் சாதம் ஊட்டுகிறார், லேப்ரடாருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்கிறீர்கள். அவரைத் தடுக்காதீர்கள், கொடுக்கும் பொருளை மாற்றுங்கள். சாம்பாரில் பெரிய ஆபத்து வெங்காயமும் பூண்டும். வெந்தாலும் அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈறு வெளுத்தாலோ சிறுநீர் பழுப்பானாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் நிற்காவிட்டாலும்தான். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் கூடாது.

காலையில் அன்றைய உலர் தீவனத்தை அளந்து, பத்தில் ஒரு பங்கை அப்பாவுக்கென்று ஒரு டப்பாவில் எடுத்துவையுங்கள். அவர் கையால் கொடுக்க அது போதும். சோறுதான் கொடுப்பேன் என்றால் (என்பார்), உப்பும் தாளிப்பும் இல்லாமல் குழைந்த சோறு, தோலும் எலும்பும் நீக்கிய வேகவைத்த கோழி. அதற்கு ஈடாகத் தீவனத்தைக் குறையுங்கள். லேப்ரடார் சட்டென்று குண்டாகும். இதையெல்லாம் மருத்துவர் வாயாலேயே அப்பாவிடம் சொல்ல வையுங்கள், பிள்ளைகள் சொன்னால் எடுபடாது.