விலை குறைந்த காற்றுமானி காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: மணலியில் எங்கள் வீட்டு மாடியில் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்துகள்களை அளக்கும் விலை குறைந்த சென்சார் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். விடியற்காலையில் அது காட்டும் அளவு, அருகிலுள்ள அரசு கண்காணிப்பு நிலையத்தின் அளவைப் போல் இரு மடங்கு இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில், ஒரே அலகைத்தான் ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 100 ஆகும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

அலகு ஒன்றாகவே இருந்தாலும் சென்சார் பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிஎம்எஸ் 5003, எஸ்டிஎஸ் 011 போன்ற விலை குறைந்த சென்சார்கள் துகள்களை எடை போடுவதில்லை. சிறு விசிறி இழுக்கும் காற்றில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியின் அளவிலிருந்து எடையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சல்பேட், கடல் உப்பு போன்ற துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, கூடுதல் ஒளியைச் சிதறடிக்கின்றன. கடலோரப் பகுதியான மணலியில் விடியற்காலையில் இது வழக்கமாக நிகழக்கூடியதே. கண்காணிப்பு நிலையங்களில் பரவலாகப் பயன்படும், பீட்டா கதிரைக் கொண்டு துகள்களின் எடையைக் கணிக்கும் கருவியோ, உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கிறது.

ஆகவே பிஎம்இ 280 போன்ற ஈரப்பத சென்சாரையும் உடன் பொருத்துங்கள். மழையும் வெயிலும் படாமல், சமையலறைப் புகைபோக்கிக்கும் ஏசியின் வெளி அலகுக்கும் தள்ளி, காற்று தடையின்றி வரும் இடத்தில் இரண்டும் இருக்கட்டும். பிறகு, அனுமதி கிடைத்தால் இரண்டு வாரம் நிலையத்தின் அருகிலேயே வைத்து, மணிநேரச் சராசரிகளை ஒப்பிட்டு உங்களுக்கான திருத்தக் கணக்கை உருவாக்குங்கள். வடகிழக்குப் பருவமழையின்போதும் கோடையிலும் இதைத் தனித்தனியே செய்தாக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பர்ப்பிள்ஏர் என்னும் விலை குறைந்த காற்றுமானிகளுக்கு வகுத்த சூத்திரத்தை அப்படியே எடுத்தாள்வதை நான் ஏற்கமாட்டேன். அது அந்நாட்டுத் தரவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. சாலைப் புழுதி போன்ற பெரிய துகள்களை இவ்வகை சென்சார்கள் சரிவரப் பிடிக்காததால், அவை தரும் பிஎம் 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள்) எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் உள்ள உங்கள் பகுதியில் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா போன்ற வாயுக்கள் இந்த சென்சாருக்குத் தெரியவே தெரியாது. எண் குறைவாக இருக்கும் இரவிலும் மூக்கில் நெடி ஏறினால் ஜன்னலை மூடிவிடுங்கள். நேரம், காற்றடிக்கும் திசை, நெடி ஆகியவற்றை சென்சார் பதிவுகளுடன் சேர்த்துக் குறித்து வைத்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எந்த நேரத்தில் வந்து அளக்க வேண்டும் என்பதைக் குறிப்பிட்டே நீங்கள் மனுக் கொடுக்கலாம்.