புகைதான் விட்டது, இன்ஜின் போகவில்லை

கேள்வி: 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். சில நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் குப்பென்று நீலம் கலந்த வெள்ளைப் புகை வருகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். தினமும் வராததுதான் குழப்பம். விற்றவர் "இந்த வண்டிக்கு இது சகஜம்" என்கிறார். எங்கள் பகுதி மெக்கானிக் "ரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்" என்கிறார். வீட்டில் ஷெட் கிடையாது. தெருவில் இடது பக்கச் சக்கரங்களை மேடை மேல் ஏற்றி நிறுத்துகிறேன். யாரை நம்புவது?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விற்றவரை நம்புங்கள், முழுசாக வேண்டாம். வண்டி விற்கிறவர் வாயில் உண்மை வருவது அபூர்வம். இந்த முறை முக்கால்வாசி வந்திருக்கிறது.

மெக்கானிக்கையும் குறை சொல்ல மாட்டேன். அவர் அன்றாடம் பார்ப்பது சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் இன்ஜின். பாக்ஸ்டரில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டரும் படுத்துக் கிடக்கின்றன. (முன் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தேடினாரா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பெட்டி வைக்கத்தான் இடம். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். ஆயில் ஊற்றும் வாய் பின் டிக்கியில்.)

நிமிர்ந்த இன்ஜினை நிறுத்தினால் ஆயில் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தொட்டிக்குப் போய்விடும். படுத்த சிலிண்டரில் கொஞ்சம் அங்கேயே தங்கி, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டி மெல்லக் கசிந்து, பெட்ரோல் எரியும் அறைக்குள் போகும். அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது அது எரிந்து புகையாகிறது. பிஸ்டன்கள் எந்த நிலையில் நின்றன, வண்டி எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதெல்லாம் தினமும் மாறும். அதனால்தான் புகையும் சில நாள் வருகிறது, சில நாள் இல்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது புகை இல்லை, அந்த மேடைதான். இடது பக்கம் தூக்கினால் வலது பக்கத்து மூன்று சிலிண்டரும் வெளிப்புறமாகத் தாழும். ஆயில் போகக்கூடாத பக்கம் போகும். ஆரோவில் பக்கத்திலிருந்து பழைய பி.எம்.டபிள்யூ பைக் ஒன்று என் பட்டறைக்கு வரும். அதிலும் இரண்டு சிலிண்டர் ஆளுக்கொரு பக்கம் படுத்திருக்கும். சைடு ஸ்டாண்டில் விட்டால் மறுநாள் இடது குழாய் மட்டும் புகையும். சென்டர் ஸ்டாண்டில் விட்டால் ஒன்றும் இருக்காது. உங்கள் வண்டியைச் சில வாரம் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். புகை குறைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொன்று. எதிர்வீட்டுக்காரர் வண்டி எடுக்க வேண்டும் என்று ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைக்கிறீர்களா? குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடேறும் முன் அணைத்தால் ஈரமும் எரியாத பெட்ரோலும் உள்ளேயே தங்கி அடுத்த ஸ்டார்ட்டில் புகையாக வரும். எடுத்தால் ஈ.சி.ஆரில் காலாப்பட்டு வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள். பீச் ரோட்டில் சுற்றுவதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டியே விடமாட்டார்கள்.

சரி, மீதிக் கால்வாசி. இந்த இன்ஜினில் ஆயில் ஆவியையும் காற்றையும் பிரிக்கும் ஒரு பாகம் உண்டு, ஏ.ஓ.எஸ். என்பார்கள். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இன்ஜின் ஆயிலை நேராக உறிஞ்சும். அப்போது வருவது அரை நிமிடப் புகை இல்லை. தெருவே மறையும், சீக்கிரம் நிற்காது, ஐடிலிங் தடுமாறும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை. பிடித்து வைத்த மாதிரி இழுத்து, திறந்ததும் இன்ஜின் திணறினால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. ஆயிலை மேல் அளவுக்கு மேலே ஊற்றியிருந்தாலும் இதே ஏ.ஓ.எஸ். வழியாகத்தான் புகையும். சர்வீஸில் தாராளமாக ஊற்றிவிடுகிற கைகள் உண்டு. அதை முதலில் பாருங்கள்.

ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்து மூன்று மட்டும் ஆயில் நனைந்திருந்து, சூடான பிறகும் டக் டக் சத்தம் வந்து, ஆயிலும் அடிக்கடி குறைந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். அப்போது பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் யார் இன்ஜினை இறக்கச் சொன்னாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் பழைய மாருதி 800-லும் காலையில் மட்டும் நீலப்புகை. அதுவும் சகஜம்தானே?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லைம்மா. உங்கள் இன்ஜின் நிமிர்ந்த ஜாதி. ராத்திரி முழுக்க, வால்வு தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கும். வண்டி ஓடும், ஆனால் ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள், வசதிப்படும்போது சீலை மாற்றிவிடுங்கள். புகை வெள்ளையாக, இனிப்பு வாசனையோடு வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு போனதற்கு அடையாளம்.