வீடு மாறியதும் பியானோவில் சுருதி விலகல்: உடனே டியூனரைக் கூப்பிடாதீர்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறிய நான்கே நாளில் மகளின் பியானோ சுருதி விலகிவிட்டது, தூக்கி வந்தவர்கள் கெடுத்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அவர்கள் காரணமில்லை. உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள் 15 முதல் 20 டன் இழுவிசையில் வார்ப்பிரும்புச் சட்டத்தோடு இறுகி நிற்கின்றன, லிஃப்ட் குலுக்கலுக்கெல்லாம் சுலபத்தில் அசையாது. மாறியது காற்றின் ஈரம்தான். பழைய வீட்டில் ஏர்கான் அறை, இப்போது ஜன்னல் திறந்த வரவேற்பறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகை பொதுவாக ஸ்புரூஸ் மரம், அது ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையான பாலத்தைத் தள்ள, கம்பி இறுகிச் சுருதி ஏறுகிறது. நடு ஸ்தாயியை வாசித்துப் பாருங்கள், அடிஸ்தாயியைவிட அங்கே அதிகம் ஏறியிருக்கும்.

நான் வீடு மாறியபோது மறுநாளே டியூன் செய்து, மூன்று வாரத்தில் மறுபடியும் காசு கொடுத்தேன். அதனால் மரம் புது வீட்டு ஈரத்துக்குப் பழகும்வரை மூன்று, நான்கு வாரம் பொறுங்கள். அதற்குள் நிரந்தர இடம் முடிவாகட்டும், ஏர்கான் காற்று நேரே படாத உட்சுவர் ஓரம் நல்லது. அப்புறம் ஒரு ஈரப்பதமானி வாங்கி பியானோ மேலே வையுங்கள், எண் அதிகம் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம்.