மௌனப்பட இயக்குநர் ஆலிஸ் கீ: கேள்வி பதில்

கே: இவர் பெயர் ‘கை’யா, ‘கீ’யா?
ப: கீ. பிரெஞ்சுக்காரர். 1907-இல் திருமணமானபின் கீ-பிளாஷே.

கே: இவருடைய முட்டைக்கோஸ் தேவதை படம் பார்த்தேன். 1896-இலேயே இப்படி எடுத்திருக்கிறாரே!
ப: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 1900-ஆம் ஆண்டுப் படம். தேவதை மட்டும் இருப்பாள். கோஸுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுத்து வைப்பாள். தம்பதி வந்து குழந்தையைத் தேர்ந்தெடுத்தால் அது 1902. கணவன் வேடத்தில் இருப்பவர் கீயேதான். எதையும் பகிருமுன் ஆண்டைப் பாருங்கள்.

கே: அவரே 1896 என்கிறாரே, பொய்யா?
ப: பொய் என்று யார் சொன்னது? 1896-இல் ஒன்று எடுத்திருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு அவர் வேலைபார்த்த கோமோன் நிறுவனம் விற்றது, டெமெனி என்ற கண்டுபிடிப்பாளரின் 60 மி.மீ. அகல பிலிம் கருவி, இன்று நம் கையில் இருப்பது 35 மி.மீ. படம். மேலும், முதல் படமென்று அவர் பிற்காலத்தில் விவரித்த கதையில் தம்பதி உண்டு. அது 1902-க்குத்தான் பொருந்துகிறது. நினைவு இரண்டையும் கலந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

கே: எப்படியானாலும் உலகின் முதல் கதைப்படம் இவருடையதுதானே?
ப: இல்லை. தோட்டக்காரர் முகத்தில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சும் லூமியேர் சகோதரர்களின் படம் 1895. முதல் பெண் இயக்குநர் என்ற பெருமை போதாதா? இதையும் ஏன் தூக்கி வைக்க வேண்டும்?

கே: மௌனப்பட காலத்தில் பாட்டுப் படமும் எடுத்தாராமே?
ப: நல்ல கேள்வி. படத்தோடு ஒலித்தட்டையும் சேர்த்து ஓட்டும் கோமோனின் குரோனோஃபோன் கருவிக்காக நூற்றுக்கும் மேல் எடுத்தார். ஒலிப்பதிவுக் குழல் வாயருகே இருந்தால்தான் குரலைப் பிடிக்கும்; அப்படி வைத்தால் படத்தில் குழலும் விழும். அதனால் பாட்டை முதலில் தட்டில் பதித்தார்கள். பிறகு தட்டை ஓடவிட்டு, பாடகர் வாயசைக்கப் படம்பிடித்தார்கள். நம் பிளேபேக் முறைதான். அரங்கில்தான் வம்பு: ஒலித்தட்டு திரைக்கருகே, புரொஜெக்டர் பின்னால், இரண்டின் மோட்டார்களுக்கும் மின்னிணைப்பு. பிலிம் அறுந்து 16 ஃபிரேம் வெட்டி ஒட்டினால், நொடிக்கு 16 ஓடும் படத்தில் உதடு ஒரு நொடி முந்திவிடும். ஓட்டுபவர் வேகத்தைத் திருத்தித்தான் சேர்க்க வேண்டும்.

கே: பழைய படங்களில் ஏன் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக இருக்கிறார்கள்?
ப: படத்தின் குற்றமல்ல, ஓட்டுபவர் குற்றம். நொடிக்கு 16 ஃபிரேமில் எடுத்த 1,000 அடி ரீல் அதே வேகத்தில் சுமார் 17 நிமிடம் ஓடும். நொடிக்கு 24-இல் ஓட்டினால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தைச் சரிசெய்து பார்த்துவிட்டு நடிப்பைக் குறை சொல்லுங்கள்.

கே: டி.பி. ராஜலட்சுமி?
ப: தமிழின் முதல் பெண் இயக்குநர். அவர் இயக்கிய ‘மிஸ் கமலா’ 1936, பேசும்படம்; இது மௌனப்பட அமர்வு. வேறு அமர்வில் கேளுங்கள். மௌனப்படம் வேண்டுமென்றால் இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஃபாத்மா பேகம், 1926.

கே: அமெரிக்காவில் என்ன செய்தார்?
ப: 1910-இல் சோலாக்ஸ் நிறுவனம், 1912-இல் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் சொந்த ஸ்டுடியோ. சுவரில் ‘இயல்பாக இருங்கள்’ என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தார். அந்த ஆண்டில் வந்த ‘உதிரும் இலைகள்’ பாருங்கள்: கடைசி இலை உதிரும்போது அக்கா இறந்துவிடுவாள் என்று கேட்ட சிறுமி, இலைகளைக் கிளையில் கட்டிவைக்கிறாள்.

கே: முட்டைக்கோஸ் படம் 1896 தானே சார்?
ப: மேலே போய்ப் படியுங்கள்.