ஆட்கொல்லிப் புலியைச் சுடுவதா பிடிப்பதா என்பதில் மக்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

மனிதரை மீண்டும் மீண்டும் தேடித் தாக்கும் புலியைத்தான் ஆட்கொல்லி என்கிறோம். புதருக்குள் திடீரென எதிர்ப்பட்டு ஒருமுறை அடித்த புலி அதில் சேராது. 2021இல் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 என்று வனத்துறை அடையாள எண் கொடுத்திருந்த புலியைச் சுடச் சொல்லி ஊர்மக்கள் போராடினார்கள். தொலைவில் இருந்த விலங்கு ஆர்வலர்கள் உயிரோடு பிடிக்கச் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் உடனே கொல்ல வேண்டாம் என்றது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள்.

புலிக்கும் நமக்கும் உள்ள தூரமே கருத்தைத் தீர்மானிக்கிறது. மாடி வீட்டுக்காரருக்கு மழை அழகு. கூரை ஒழுகும் வீட்டுக்கு அதே மழை தூங்காத இரவு. விடிகாலையில் தேயிலை பறிக்கப் போகும் பெண்ணின் பயத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

‘மனித ரத்தம் ருசித்த புலி விடாது’ என்பது தவறான நம்பிக்கை. காயமோ முதுமையோ வழக்கமான இரையைப் பிடிக்க விடாதபோதுதான் பெரும்பாலும் அது மனிதர் பக்கம் திரும்புகிறது.